எஞ்சினுக்கு மண்டபம், ஆளுக்கு லயம்

இந்த நாட்டில் மரியாதையோடு மூப்படைய ஆசைப்படுகிறவன் இரும்பாகப் பிறக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் கடுகண்ணாவைக்கு ஒரு நடை போய்வரலாம். கேகாலை மாவட்டத்தைத் தாண்டி மலை ஏறியதும் வருகிற சின்ன ஊர் அது. புகையிரத நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேசிய ரயில் அருங்காட்சியகம். உழைத்து ஓய்ந்த எஞ்சின்கள், பழைய பெட்டிகள், தந்திக் கருவிகள், சிக்னல் விளக்குகள், ஸ்டேசன் மணிகள் எல்லாம் அங்கே இளைப்பாறுகின்றன. துடைக்க ஆள் உண்டு, பூச வர்ணம் உண்டு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் பிறந்த ஊரும் ஆண்டும் தெரியும்.

அந்தப் பிறந்த ஊர் விவரத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. மான்செஸ்டரில் பிறந்தது ஒன்று, கிளாஸ்கோவில் பிறந்தது இன்னொன்று. கப்பலேறி இலங்கைக்கு வந்து, மலையேறி வேலை செய்து, கிழமாகி நிற்கின்றன. "உன் தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று எந்த அரசும் அவற்றைக் கேட்டதில்லை. "ஐந்து லட்சத்துச் சொச்சம் எஞ்சின்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று லண்டனோடு எந்தப் பிரதமரும் ஒப்பந்தம் போட்டதில்லை. அதே காலத்தில், அதே வேலைக்காக, அதைவிடக் கிட்டத்திலிருந்து, கடலையும் காட்டையும் கடந்து வந்தவர்களிடம் இந்த இரண்டும் நடந்தன. எஞ்சின் நீராவி குடித்தது. இவர்கள் கஞ்சி குடித்தார்கள். குற்றம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் 1865-ஆம் ஆண்டுக் காலத்து முதல் ரயில் முனையம் மருதானைப் பக்கம் பாழடைந்து கிடந்தது. 2009-இல் அதைத் துப்புரவாக்கி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். இலங்கை ரயிலுக்கு 150 வயது நிறைந்தபோது, 2014 டிசம்பர் 27-இல், கடுகண்ணாவையில் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். பழைய இரும்பைக் கிலோ கணக்கில் விற்றுத் தின்னாமல் காப்பாற்றியவர்களுக்கு ஒரு கும்பிடு. ரயில்வே ஊழியர்களில் எஞ்சினைப் பிள்ளைபோல் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்த 150 ஆண்டுக்கு மாலை போட்டோம், யாரை அந்த மாலைக்கு வெளியே நிறுத்தினோம் என்பதுதான் வழக்கு.

1864 டிசம்பர் 27. முதல் கோச்சி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு வந்தது. சப்ரகமுவவின் வாசற்படி வரைக்கும் வந்து நின்ற அந்தக் கோச்சியில் ஒரு பெரிய இடத்து விருந்தாளி இருந்தார்: பிரபாண்ட் கோமகன். மறுவருடம் அவரே பெல்ஜியத்தின் மன்னர் இரண்டாம் லியோபோல்ட். பிற்காலத்தில் கொங்கோ நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக எழுதிக்கொண்டு, ரப்பர் பால் அளவு குறைந்ததற்கு மனிதர்களின் கையை வெட்டிய ஆட்சி அவருடையது. இன்றைக்குக் கேகாலைப் பக்கம் விடியுமுன் பால்வெட்டுக் கத்தியோடு இறங்குகிற ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும். நம்முடைய ரயிலின் முதல் பயணத்தை அலங்கரித்தவர் உலகத்திலேயே மிகக் கொடிய ரப்பர் துரை. சகுனம் பார்க்கிற நாடு இது. இந்தச் சகுனத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தண்டவாளத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியான கோப்பிமேல் தீர்வை போட்டார்கள். கோப்பி எங்கிருந்து வந்தது? மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் ஆளைப் பலிகொடுத்து, மிஞ்சியவர்கள் காடு வெட்டி நட்ட செடியிலிருந்து வந்தது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை 45 அடிக்கு ஓர் அடி ஏறுகிற அந்தச் சரிவை யார் வெட்டினார்கள்? ஒப்பந்தக்காரர் பேவியல், தலைமைப் பொறியாளர் மோல்ஸ்வர்த் என்று புத்தகத்தில் இருக்கிறது. பேவியல் பாறையில் துளை போடவில்லை. மோல்ஸ்வர்த் கூடையில் மண் சுமக்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் சுமந்தார்கள்; பள்ளத்தாக்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே மண் போட்டாயிற்று. இன்றைக்கு அலகல்ல மலையைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, கோச்சிக் கதவில் தொங்கிப் படம் எடுக்கிற வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு இதைச் சொன்னால் காட்சி கெட்டுவிடும்.

கடுகண்ணாவையில் நினைவுச் சின்னத்துக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு அங்கே ஒரு கோபுரம் நிற்கிறது. அவர் 1829-இல் இறந்தார். 1832-இல் கோபுரம் எழுந்தது. மூன்றே வருடத்தில். ஒரு கப்டனுக்கு முழுக் கோபுரம் என்றால், பாதை வெட்டிச் செத்த கூலிகளுக்கு ஆளுக்கொரு செங்கலாவது வைத்திருக்கலாம். வைத்திருந்தால் மலை இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

கண்டிக்கு ரயில் வந்தது 1867-இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867-இல். ரயிலும் தேயிலையும் ஒரே வயசுக்காரர்கள். ரயிலுக்கு அருங்காட்சியகம் கடுகண்ணாவையில். தேயிலைக்கு அருங்காட்சியகம் ஹந்தானையில், பழைய ஸ்டோர் ஒன்றில். டெய்லருக்குக் கல்லறையும் உண்டு, புகழும் உண்டு. கொழுந்து பறித்தவளுக்கு? அவளுக்குத் தேயிலைப் பெட்டியின் மேல் ஒரு படம். அவளிடம் கேட்காமல் எடுத்த படம்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சப்ரகமுவவுக்கும் ஒரு ரயில் இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்துதான் நம்பவைக்க வேண்டியிருக்கிறது. களனிவெளிப் பாதை. 1902-இல் அவிசாவளை, 1903-இல் எட்டியாந்தோட்டை, 1912-இல் இரத்தினபுரி, 1919-இல் ஓப்பநாயக்க. எஹலியகொட, குருவிட்ட, காவத்தை எல்லாம் கோச்சி ஊதிய ஊர்கள். அதுவரை களனி ஆற்றில் படகில் போன தோட்டச் சரக்குத் தண்டவாளத்தில் போக ஆரம்பித்தது. நாட்டின் மற்றப் பெரிய பாதைகளுக்கு 5 அடி 6 அங்குல அகலம். எங்களுக்கு 2 அடி 6 அங்குலம். சிக்கனம் என்றார்கள். அன்றைக்கு ஆரம்பித்த சிக்கனம். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பளம் என்று சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகு அந்த அளவிலேயே வந்தது.

குறுகிய பாதையும் நிலைக்கவில்லை. யுத்த காலத்தில், 1942-இல், எட்டியாந்தோட்டைக் கிளையை மூடித் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். உலகத்தைப் பாசிசத்திடமிருந்து காப்பாற்ற எங்கள் ஊர் ரயிலும் தியாகம் செய்தது. யுத்தம் 1945-இல் முடிந்தது. ரயில் திரும்பி வரவில்லை. 1976-இல் ஓப்பநாயக்கப் பாதைக்கும் மூடுவிழா. இரண்டு வருடம் கழித்து அவிசாவளை வரை மட்டும் உயிர் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் அந்தத் துண்டை அகலப் பாதையாக்கினார்கள். அவிசாவளை கொழும்பு மாவட்டம். அதாவது ரயில் சரியாகச் சப்ரகமுவவின் எல்லையைக் கண்டதும் நின்றுவிடுகிறது. மாவட்ட எல்லைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற வாகனம் வேறில்லை.

தேர்தல் வந்தால் இரத்தினபுரிக்கு ரயில் வரும். மேடையில் வரும், துண்டுப்பிரசுரத்தில் வரும், அளவைக்காரர் வந்து ஆப்பு அடித்துவிட்டுப் போவார். பழைய தடமோ பல இடங்களில் வீதியாகிவிட்டது, வீட்டு முற்றமாகிவிட்டது, மரவள்ளித் தோட்டமாகிவிட்டது. மாணிக்கக்கல்லை மண்ணுக்கடியில் தேடுகிற ஊரில் ரயிலையும் அப்படித்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே மாண்புமிகு அமைச்சுக்கு அடியேனின் தாழ்மையான விண்ணப்பம்: எட்டியாந்தோட்டையில் ஒரு ரயில் நிலைய அருங்காட்சியகம் அமைக்க வேண்டும். ரயில் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ரயில் இல்லாமல் எண்பது வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறோம், இதையும் ஓட்டுவோம். காட்சிப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு இல்லை. கூடங்களை நானே வகுத்துத் தருகிறேன். ஆலோசகர் கட்டணம் வேண்டாம்.

முதலாம் கூடம்: பயணச் சீட்டு. கடுகண்ணாவையில் வைத்திருக்கிற அட்டை டிக்கெட் அல்ல, தகரத் துண்டு. 1901-இல் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் ஆள் பிடித்ததும் கழுத்தில் தொங்கவிடுகிற தகர வில்லை. அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். எந்த வட்டாரம், எந்தத் தோட்டம் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆளின் பெயர் தேவைப்படவில்லை. வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில், பிறகு அது ஆளின் தலையில். வந்து இறங்குமுன்பே கடன்காரன். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலோடு கப்பலும் இணைந்த பிறகு இந்த ஏற்பாடு இன்னும் ஒழுங்காக நடந்தது. உலகத்தில் எல்லா ரயிலிலும் சீட்டைப் பயணி வைத்திருப்பான். இந்தப் பாதையில் மட்டும் சீட்டு பயணியை வைத்திருந்தது.

இரண்டாம் கூடம்: அத்துமீறல். இது கேகாலை மாவட்டத்தின் சொந்தச் சரக்கு; வேறெங்கும் கிடைக்காது. நேவ்ஸ்மயர் என்று துரைமாரும் உருளவள்ளி என்று எங்கள் ஆட்களும் சொன்ன தோட்டம். 1946-இல் அரசு அந்த நிலத்தைக் கிராமத்தவருக்குப் பகிர எடுத்துக்கொண்டு, லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களை வெளியேறச் சொன்னது. அவர்கள் அசையவில்லை. நட்டவன், வெட்டியவன், பிள்ளை பெற்றவன், பிணம் புதைத்தவன் எல்லோர்மேலும் அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்கு. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தம் தோட்டந்தோட்டமாகப் பரவியது. அன்றைக்கு விவசாய, காணி அமைச்சர் டி. எஸ். சேனநாயக்க. இரண்டே வருடத்தில் அவர் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர். உருளவள்ளியில் சில நூறு பேருக்குச் சொன்ன "நீ அத்துமீறியவன்" என்ற அதே வார்த்தையை, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் வழியே மலைநாடு முழுவதற்கும் சொன்னார். மறுவருடம் வாக்கும் போயிற்று. அரசாங்கம் ஒரு பரிசோதனையைச் சின்ன அளவில் செய்து பார்த்துப் பிறகு விரிவுபடுத்துவதற்கு இது நல்ல உதாரணம். முகாமைத்துவப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம்.

மூன்றாம் கூடம்: எங்கள் பிரதிநிதி. எட்டியாந்தோட்டைக்கு மிகப் பெரிய எம்.பி. வாய்த்தார்: கலாநிதி என். எம். பெரேரா. முப்பதுகளின் மலேரியாவில் இந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு மருந்து கொண்டுவந்த சமசமாஜத் தோழர்களில் ஒருவர். 1948-இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கட்சியின் தலைவர். அதையெல்லாம் மறுக்க மாட்டோம்; எங்கள் தாத்தாமார் அவரைத் தெய்வமாக வைத்திருந்தார்கள். 1964 ஜூனில் அவர் நிதியமைச்சர் ஆனார். அதே வருடம் ஒக்டோபர் 30-இல் அவர் உட்கார்ந்திருந்த அரசாங்கத்தின் பிரதமர் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு கையெழுத்துப் போட்டார்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974-இல் பார்த்தார்கள். ஆளுக்கு 75,000 என்று பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டாம் பங்கீட்டின்போதும் அவரே நிதியமைச்சர், பெருந்தோட்ட அமைச்சர் அவருடைய தோழர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே 1973, 74-இல்தான் தோட்டங்களில் பஞ்சம் வந்து, ஆட்கள் பட்டினியில் செத்தார்கள். டவுனுக்குப் போய்க் கையேந்தினார்கள். உலகத் தொழிலாளரை ஒன்றுபடச் சொன்னவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தொழிலாளரை எண்ணிப் பிரிக்க உடன்பட்டார்கள். இந்தக் கூடத்தில் ஒரேயொரு நாற்காலி போதும், அமைச்சர் நாற்காலி. தலைக்குமேல் செங்கொடி. பார்வையாளர் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நான்காம் கூடம்: திரும்பிப் போன கோச்சி. ஒப்பந்தம் போட்ட இரண்டாம் மாதத்தில், 1964 டிசம்பரில், புயல் வந்து தனுஷ்கோடியையும் பாம்பனைத் தாண்டி வந்த ரயிலையும் கடலுக்குள் இழுத்துப் போட்டது. இயற்கைக்குக்கூடச் சகிக்கவில்லை, அரசுகளுக்குச் சகித்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. தாய்க்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு. ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுதவர்களைப் பிரிக்க வேண்டியிருந்ததால்தான் கோச்சி அன்றைக்கெல்லாம் பிந்தியது. புகையிரதத் திணைக்களம் அதற்குக் காரணம் எழுதும்போது என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்தப் பயணத்தின் ஒரு பெட்டியை, ஒரு பட்டியலை, ஒரு தகரப் பெட்டியையாவது தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு நாடு தன் ரயில்வேயைக்கொண்டு செய்த மிகப் பெரிய காரியம் லட்சக்கணக்கான தன் உழைப்பாளிகளை ஏற்றி அனுப்பியது என்றால், அதைச் சொல்லாத ரயில் வரலாறு என்ன வரலாறு? எஞ்சினின் பற்சக்கரம் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறவர்களுக்கு இது மட்டும் எண்ணிக்கையில் விட்டுப்போயிற்றா?

ஐந்தாம் கூடம்: சாம்பல். 1977, 1981, 1983. இதில் 1981 ஆகஸ்ட் எங்களுடையது. இரத்தினபுரி, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் லயம் லயமாகப் புகுந்து அடித்தார்கள், எரித்தார்கள். காட்டுக்குள் ஒளிந்தவர்கள், கோவிலுக்குள் அடைந்தவர்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வவுனியா எல்லைக்குப் போனவர்கள். 83-க்கு ஆண்டுதோறும் விளக்கு ஏற்றுகிற எங்கள் வடக்குச் சகோதரர்களுக்கும் 81 ஆகஸ்ட் அவ்வளவாக ஞாபகத்துக்கு வருவதில்லை. தோட்டக்காட்டான் செத்த தேதி எந்த நாட்காட்டியிலும் கறுப்பில் அச்சாவதில்லை. கூடத்தைக் கட்டினால் அவர்களுக்கும் நுழைவு இலவசம்.

ஆறாம் கூடம்: நேர அட்டவணைப் பலகை. பயணிகளின் அன்பான கவனத்துக்கு: 1948-இல் பறித்த குடியுரிமை, கடைசி ஆள் வரைக்கும் கொடுத்து முடிக்கும் சட்டமாக 2003-இல் வந்து சேர்ந்தது, 55 வருடத் தாமதம். 2015-இல் கேட்கத் தொடங்கிய 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வந்தது. ஆறு வருடத் தாமதம். வருவதற்குள் வழியிலேயே விலைவாசி அதில் பாதியை இறக்கிவிட்டது. 2024-இல் 1,700 ரூபாய் புறப்பட்டதாக அறிவித்தார்கள். மேடைக்கு வந்து நின்றது 1,350. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் எல்லா அரசாங்கங்களின் அறிவிப்பிலும் புறப்பட்டுவிட்டன. எந்த மேடைக்கு வரும் என்று கேட்டால் ஒலிபெருக்கி கரகரக்கிறது. நுவரெலியாவில் வாக்குகள் குவிந்திருப்பதால் அங்கேயாவது சில பெட்டிகள் நின்றுபோகின்றன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் நாங்கள் சிதறிக் கிடக்கிறோம். எந்த வேகக் கோச்சியும் இங்கே நிற்பதில்லை.

இந்த இடத்தில் எங்கள் தலைவர்மாருக்கும் ஒரு மூலை ஒதுக்காவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். மாதந்தோறும் செக்ரோலில் பிடிக்கிற சந்தா ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. மலையகத்தில் நேரத்துக்கு ஓடுகிற ஒரே சேவை அது. அரசாங்கம் எது வந்தாலும் அதில் ஏறிக்கொள்கிற சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்? 2023-இல் மலையகம் 200 என்று வந்தது. அந்த ஜூலை, ஆகஸ்டில் சாதாரண சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, பாட்டன் பூட்டன் வந்த வழியே, கால் கொப்புளிக்க நடந்தது. நவம்பரில் கொழும்பு உள்ளரங்கில் இந்திய நிதியமைச்சரை அழைத்து விழா நடந்தது. நடந்தவர்களுக்கு வெயில், விழா எடுத்தவர்களுக்குக் குளிர்சாதனம். இருநூறு வருடத்தைக் கொண்டாடும்போதும் பங்களாவும் லயமும் தனித்தனியாகவே இருந்தன.

ஏழாம் கூடத்தைக் கட்ட வேண்டியதே இல்லை. வெள்ளைக்காரன் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு கோடி, கூரையில் தகரம், தகரத்தின்மேல் கல், கல்லுக்குமேல் மழை. எஞ்சினைப்போல இது வேலையை விட்டு ஓயவில்லை. இன்றைக்கும் ஓட்டத்தில் இருக்கிறது. அடுப்பு எரிகிறது, கைக்குழந்தை அழுகிறது, பெரிய பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது, கிழவி இருமுகிறாள், எல்லாம் அதே காம்பராவுக்குள். 2016 மே மாத மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் மலை சரிந்து லயத்தின்மேல் வந்தது. உறங்கினவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அது இயற்கை அனர்த்தம். மலையைச் சரித்தது மழையாக இருக்கலாம். மலைக்குக் கீழே அந்த லயத்தை வைத்தது யார்? நூறு வருடமாக அதை அங்கேயே விட்டுவைத்தது யார்? வேறு இடம் கேட்டால் ஒரு துண்டுக் காணிக்கும் உறுதி தராதது யார்? மழைக்கு இவ்வளவு புத்தி கிடையாது.

என் விண்ணப்பத்துக்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நிதி இல்லை என்பார்கள். பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்பார்கள். ரயில் அருங்காட்சியகத்தில் ஏன் அரசியல் என்பார்கள். ஐயா, ரயில் வந்ததே அரசியல். துரைமார் நெருக்கிக் கேட்டதால் வந்தது அரசியல், எங்களுக்குக் குறுகலாக வந்தது அரசியல், எங்களை ஏற்றிக்கொண்டுவந்தது அரசியல், ஏற்றிக்கொண்டுபோனது அரசியல், கடைசியில் எங்களிடமிருந்து தண்டவாளத்தைப் பிடுங்கியதும் அரசியல். இத்தனையையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற கொதிகலனையும் சங்கிலியையும் காட்டி "இதுதான் வரலாறு" என்றால், அந்த வரலாற்றைக் கொல்லன் பட்டறையில்கூடப் பார்த்துக்கொள்ளலாமே. கடுகண்ணாவை வரை ஏன் ஏற வேண்டும்?

இன்னொரு பதிலும் வரும், கொஞ்சம் இனிப்பாக. தோட்டங்களையே மரபுரிமைச் சுற்றுலாவாக்கலாம், லயத்து வாழ்க்கையை வெளிநாட்டாருக்குக் காட்டலாம், ஆட்களுக்கும் நாலு காசு வரும் என்பார்கள். பழைய பங்களாக்கள் ஏற்கெனவே ஹோட்டலாகிவிட்டன. துரை படுத்த கட்டிலில் ஓர் இரவு படுப்பதற்கு ஒரு கொழுந்துக்காரியின் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்க ஆள் இருக்கிறது. அடுத்தது லயந்தான். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007-இல் ஒரு தொண்டு நிறுவனம் லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. அரசு செய்யாததை அவர்கள் செய்தார்கள். அதைச் சப்ரகமுவவுக்கும் கொண்டுவருவோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை, எல்லா லயத்தையும் அருங்காட்சியகம் ஆக்குங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

ஒரேயொரு நிபந்தனை. கடுகண்ணாவையில் காட்சிக்கு வைத்த எஞ்சினை யாரும் மறுநாள் காலை வண்டியில் பூட்டுவதில்லை. அருங்காட்சியகத்தின் அடிப்படைச் சட்டம் அது: காட்சிக்கு வைத்த பொருளை அதற்குமேல் வேலை வாங்கக்கூடாது, அதற்குள் ஆள் குடியிருக்கக்கூடாது. ஆகவே முதலில் அங்கே இருக்கிறவர்களுக்குக் காணியைக் கொடுங்கள், அவரவர் பெயரில் உறுதியோடு கொடுங்கள். மலை சரியாத இடத்தில் வீட்டைக் கட்டுங்கள். பெட்டி படுக்கையை அங்கே மாற்றி, தபால்காரன் வீட்டிலக்கம் பார்த்துக் கடிதம் போடுகிற நாள் வரட்டும். அதன்பிறகு லயத்தைத் துடையுங்கள், வர்ணம் பூசுங்கள், மூன்று மொழியில் பலகை எழுதுங்கள், வாசலில் டிக்கெட் போடுங்கள். நாங்களும் பிள்ளைகுட்டிகளோடு வரிசையில் நின்று, காசு கொடுத்து, உள்ளே வருகிறோம்.

அதுவரைக்கும் மரபுரிமை என்று சொல்லிக்கொண்டு கேமராவோடு எவனாவது லயத்து வாசலுக்கு வந்தால், வழி காட்ட வேண்டாம், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கவும் வேண்டாம். இருநூறு வருட வாடகைக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் படம் எடு என்று சொல்லுங்கள். அமைச்சரே வந்தாலும் அதே பதில்.